எண்ணிச் சொல்வோர் கடன்

எண்ணுதல் எளிய தொழில். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லக் கற்ற சிறுவனும் அதனைச் செய்கிறான். ஆயின், எண்ணியது பிழைபட்டால் அப்பிழையின் சுமையை எவர் தலைமேல் ஏற்றுவது? எண்ணிச் சொன்னவன் தலைமேலா? அவன் சொல்லை நம்பித் தலையசைத்தவன் தலைமேலா? இவ்வினா கணக்கு நூலைச் சார்ந்ததன்று, அறத்தைச் சார்ந்தது. இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

பத்துமலைக் கோயிலுக்குச் செல்லும் அடியார் 272 படிகளை ஏறிக் குகையை அடைகின்றனர். 1920-ஆம் ஆண்டில் மரத்தால் அமைந்த படிகள் இருந்த இடத்தில் பின்னர் எழுந்தவை இந்தச் சிமெண்டுப் படிகள். படிகள் 272 என்பது ஊரறிந்த கணக்கு. ஐயமுடையான் தன் காலாலேயே எண்ணிச் சரிபார்த்துக் கொள்ளலாம். நடுவில் ஒரு குரங்கு வந்து கைப்பழத்தைப் பறிக்க, எண்ணிக்கை தவறிவிட்டாலும் எவருக்கும் நட்டமில்லை. தைப்பூசத்தன்று திரண்ட மக்கள் இத்தனை இலட்சம் என்று ஒருவர் சொல்வார். மற்றொருவர் அதற்கு மேலும் இரண்டு இலட்சம் கூட்டுவார். அத்தொகைக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்பார் இலர். ஏனெனில் அந்த எண் கூடினாலும் குறைந்தாலும் ஒருவன் சோற்றில் ஒரு பருக்கையும் குறைவதில்லை. எண்ணிக்கையோடு காசு பிணையும்போதுதான் பொறுப்பு என்னும் சொல் பிறக்கிறது.

அச்சொல் பிறந்த ஓர் இரவை எடுத்துரைக்க விரும்புகிறோம். பத்துமலைக்கு அணித்தே உள்ள ஒரு குடியிருப்பில், தீபாவளிக்கு மறுநாள், இளைஞர் அறுவர் பாய் விரித்துப் ‘போக்கர்’ என்னும் சீட்டாட்டம் ஆடினர். சூது தீது என்பதே எமது கொள்கை. திருவள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நம் நாட்டிலும் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் இருக்கிறது. அதே நாட்டில், கெந்திங் மலையுச்சியில் 1969-ஆம் ஆண்டில் உரிமம் பெற்று, 1971-ஆம் ஆண்டு முதல் பெரியதொரு சூதாட்ட மண்டபம் நடந்து வருவதும் மெய்யே. அம்முரண்பாட்டைப் பிறிதொரு நாள் பேசலாம். அன்றிரவு அவ்விளைஞர் எம்மை அழைத்தது ஆடுவதற்கன்று, வழக்குத் தீர்ப்பதற்கு.

ஆட்டம் அறியாத அன்பர்க்காக ஒரு சொல். போக்கரில் ஒவ்வொருவனும் தன் கைச்சீட்டைக் காட்டாமலே பணயம் வைக்கிறான். ஒருவன் வைத்த பணயத்துக்கு ஈடாக வைப்பவனே ஆட்டத்தில் நீடிக்கலாம். விரும்பாதவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக் கொள்ளலாம். காசுக்குப் பதிலாக நிறம் நிறமான சில்லுகளை வைப்பது வழக்கம். அவ்வீட்டில் வெள்ளைச் சில்லு ஒரு வெள்ளி. நீலச் சில்லு 5 வெள்ளி. கறுப்புச் சில்லு 20 வெள்ளி.

ஒருவன் தன் முன்னிருந்த சில்லு அனைத்தையும் நடுவில் தள்ளினான். எதிரே இருந்த இளைஞன், “எவ்வளவு?” என்று கேட்டான். சீட்டுப் பகிர்ந்தவன் எண்ணி, “முப்பத்தைந்து” என்றான். கேட்டவன், “ஏற்றேன்” என்றான், தோற்றான். அதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. மேலே இருந்தவை 15 வெள்ளைச் சில்லுகள். அடியிலிருந்த 4 சில்லுகளை, மங்கிய விளக்கொளியில், பகிர்ந்தவன் நீலம் என்று கொண்டான்; அவை கறுப்பு. ஆகவே பணயம் 35 வெள்ளியன்று, 95 வெள்ளி. இடையில் நின்றது 60 வெள்ளி. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாரத்தில் 6 நாள் உழைப்போர்க்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகிறது. அந்த இளைஞன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவன். அவனுக்கு அந்த 60 வெள்ளி ஏறக்குறைய ஒரு நாள் வியர்வை.

“அண்ணே, கணக்கு அறிந்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்” என்று அவர்கள் கைப்பேசியில் ஆங்கில விதிநூல் ஒன்றைத் திறந்து எம் கையில் கொடுத்தனர். போக்கர்ப் போட்டிகளை நடத்துவோர் 2001-ஆம் ஆண்டில் அமைத்த சங்கத்தின் விதித்தொகுப்பு அது. படித்துப் பொருள் கூறினோம். பணயத்தை ஏற்குமுன் அதன் சரியான தொகையை அறிந்துகொள்வது ஏற்பவனது பொறுப்பு. பிறர் என்ன சொன்னார் என்பது கணக்கில் வாராது. பகிர்வோனே தவறாக எண்ணிச் சொல்லியிருப்பினும், “ஏற்றேன்” என்று சொன்னவன் முழுத் தொகையையும் ஏற்றவனே ஆவான். இதுவே அவ்விதியின் சாரம்.

கேட்டோர் திகைத்தனர். எண்ணிச் சொன்னவனுக்குத் தண்டனை இல்லை, நம்பியவனுக்குத் தண்டனை! இது நீதியாகுமா? எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் பணயம் வைத்தவன் ஒரு வினா எழுப்பினான்: “அண்ணே, நான் தோற்றிருந்தால் அவன் 35 வெள்ளி மட்டும் வாங்கிக்கொண்டு போயிருப்பானா? 95-ஐயும் கேட்டிருக்க மாட்டானா?”

இவ்வினாவின் கூர்மையை எண்ணிப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். எண்ணிக்கை தவறு என்று சொல்லிப் பின்வாங்க ஒருவனுக்கு இடந்தந்தால், வென்றபோது முழுத் தொகையையும், தோற்றபோது குறைந்த தொகையையும் பேச அவனுக்கு வழி பிறக்கும். அக்கள்ளவழியை அடைக்கவே அவ்விதி எழுந்தது. அது நம்பியவனைத் தண்டிக்க எழுந்ததன்று. நம்பியதுபோல் நடிப்பவனைத் தடுக்க எழுந்தது. விதி செய்தோரும் அதன் கடுமையை உணர்ந்தவர்களே. அத்தொகுப்பின் முதல் விதி, அரிய சூழ்நிலைகளில் எழுத்தினும் நியாயமே முன்னிற்கும் என்று நடத்துநர்க்கு அதிகாரம் தருகிறது. மேலும், மதிப்பு மிக்க சில்லுகளைப் பிறர் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்தல் வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. பாப் சியாஃபோன் என்பார் தொகுத்த மற்றொரு விதிநூலோ, பணயத்தின் அளவை ஒருவன் பெரிதும் பிறழ உணர்ந்தமை வெளிப்படையாயின், அதனால் பிறர்க்குக் கேடு விளையாதபோது, அவனுக்குக் காப்பளிக்கலாம் என்கிறது. ஒரே ஆட்டத்துக்கு இரு நூல்கள், இரு நெஞ்சங்கள்.

யாம் தீர்ப்புக் கூறுமுன்பே தோற்ற இளைஞன் 60 வெள்ளியை எடுத்துப் பாயில் வைத்தான். “ஏற்றேன் என்று சொன்னவன் நான்தானே, அண்ணே. கறுப்பா நீலமா என்று நானே குனிந்து பார்த்திருக்கலாம்” என்றான். சற்றுப் பொறுத்து, “இங்கே கொடுத்துவிட்டேன். தோட்டத்து மேடையிலும் இதே கதைதான். மண்டோர் ஓர் எண்ணைச் சொல்லுகிறார், நான் தலையாட்டுகிறேன். அங்கே யாரைக் கேட்பது?” என்றான்.

பாயில் இருந்தோர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை வெட்டுக்கு அனுப்பும் தோட்டம் வேறு. யாம் பேனா பிடிக்கும் தோட்டம் வேறு. ஆயினும் அவ்வினா எம் போன்ற கிராணிமார் அனைவர் வாயிலிலும் வந்து நிற்கும் வினா.

செம்பனைத் தோட்டத்தின் கணக்கு முறையை நகரத்து அன்பர்கள் அறிந்திரார். தொழிலாளி குலையை வெட்டிச் சாலையோரத்து மேடையில் அடுக்குகிறான். காம்பில் தன் எண்ணை எழுதுகிறான். மண்டோர் எண்ணிப் பார்க்கிறார்; காய்க்குலை இருந்தால் குறித்துக் கொள்கிறார். பின்னர் எல்லார் குலையும் ஒரே லாரியில் கலந்து ஆலைக்குச் செல்கின்றன. ஆலையின் எடைமேடை லாரியை நிறுக்கும். தனித்தனிக் குலையை நிறுக்காது. ஆதலின் மொத்த எடையைக் குலைகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காண்கின்றனர். அச்சராசரியை ஒவ்வொருவன் குலைக் கணக்கோடும் பெருக்கி, அவனது கூலியைக் கணக்கிடும் தோட்டங்கள் பல.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். லாரியின் சரக்கு 10,000 கிலோ; குலைகள் 500; சராசரி 20 கிலோ. ஒருவன் 120 குலை வெட்டினான். அவனுக்கு உரியது 2,400 கிலோ. அவன் கணக்கில் 8 குலை விடுபட்டு 112 என்று எழுதப்படுகிறது. மொத்தக் குலை 492 ஆகிறது. சராசரி 20 கிலோவினும் சிறிது உயர்கிறது. அவனுக்குக் கிடைப்பதோ ஏறக்குறைய 2,276 கிலோ. மீதி 124 கிலோ எங்கே சென்றது? பிற தொழிலாளர் கணக்கில், ஒருவருக்கும் தெரியாமல், சிறிது சிறிதாகக் கலந்துவிட்டது. ஆலைக்கு நட்டமில்லை. கம்பெனிக்கு நட்டமில்லை. ஏட்டின் கூட்டுத்தொகையும் ஆலையின் சீட்டோடு அழகாகப் பொருந்துகிறது! தணிக்கையாளர் வந்து எத்துணைக் கண்ணாடி அணிந்து நோக்கினும் அத்தவறு அகப்படாது. அதனை அறிந்தவன் ஒருவனே. அவன் வாய் திறந்தாலன்றி வெளிப்படாது.

போக்கர்ப் பாயில் நிலைமை வேறு. அங்கே எண்ணிக்கை குறைந்தால் வென்றவன் அக்கணமே கூவுகிறான். ஒருவன் நட்டம் எதிரில் இருப்பவனது இலாபமாதலின், ஒருவன் கண் மற்றவன் கைக்குக் காவல். மேடையில் அக்காவல் இல்லை. ஆகவே ஆட்டத்தில் நியாயமாகிய விதி தோட்டத்திலும் நியாயமாகும் என்று கொள்வது பிழை. “ஏற்றவன் முழுதும் ஏற்றவனே” என்னும் விதி நியாயமாவதற்கு மூன்று நிலைமைகள் வேண்டும் என்பது எமது கருத்து. எண்ணப்படும் பொருள் ஏற்பவன் கண்முன் இருத்தல் வேண்டும். ஐயம் கேட்க அவனுக்கு அச்சமற்ற உரிமை வேண்டும். பிடிக்காவிடில் விலகும் வழியும் வேண்டும். அவ்விலகலால் அவன் அடுப்பு அணையலாகாது.

இம்மூன்றையும் நம் முன்னோர் வாழ்வில் வைத்துப் பாருங்கள்.

ரப்பர்த் தோட்டத்தில் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர், மரம் வெட்டினர், வாளி சுமந்து ஸ்டோருக்கு வந்தனர். அங்கே பாலை நிறுத்தனர். நிறுத்த எடையே கூலிக் கணக்கு ஆகிவிடாது. பாலில் நீர் எவ்வளவு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று ‘மெட்ரோலாக்’ என்னும் மிதவைக் கருவியை இட்டுப் பார்ப்பர். பாலில் நீர் கலக்கும் தொழிலாளியும் உண்டு என்பதை மறைப்பானேன்? ஆதலின் சோதனை வேண்டுவதே. ஆனால் அக்கருவியின் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? வாளி கண்முன் இருந்தது. அளவு கண்முன் இல்லை. மாத முடிவில் ஏடு வரும். கிராணியார் தொகையைச் சொல்வார். எழுத்தறியாதவர் பெருவிரலை மையில் தோய்த்து ஏட்டில் ஒற்றுவார். அந்த ரேகைதான் அவர்களுடைய “ஏற்றேன்” என்னும் சொல். ஒற்றிய பின் கேள்வி இல்லை. படிக்க மாட்டாத ஒருவனிடம் ரேகை பெற்றுக்கொண்டு, “நீ பார்த்துத்தானே ஒற்றினாய்?” என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

கேட்கும் உரிமையாவது இருந்ததா? 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நிகழ்ந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதன் அவர்களும் அக்கிளர்ச்சியில் முன்னின்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரும் போயிற்று. அவர்கள் கேட்டவை கூலி உயர்வு, கல்வி, மருத்துவம், கள்ளுக்கடை ஒழிப்பு முதலியன. அவற்றோடு இன்னொன்றும் கேட்டனர்: துரைமாரையும் தோட்டத்து உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளினின்றும் இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. கூலிக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கக்கூடும். தொடர்பு உண்டு. கிராணியின் நிழலைக் கண்டாலே சைக்கிளை விட்டு இறங்க வேண்டியவன், அதே கிராணியின் முன்னின்று, “மறுமுறை எண்ணிக் காட்டுங்கள்” என்று எவ்வாறு கேட்பான்? மரியாதை என்ற பெயரால் வாயைக் கட்டிவிட்டு, வாய் திறக்காமையைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அக்காலத்து வழக்கம்.

விலகும் வழியைப் பற்றிப் பேசவே வேண்டா. போக்கர் ஆடுபவன் சீட்டைக் கவிழ்த்தால் அந்த ஓர் ஆட்டம் போகிறது. தோட்டத்தில் விலகினால் லயத்து வீடு போகிறது. பிள்ளையின் பள்ளி போகிறது. கடையில் கடன் பெறும் நம்பிக்கையும் போகிறது.

ஆயினும் நம் பாட்டிமார் முற்றும் கையற்றவர் அல்லர். பசும்பால் வாங்கியவர்கள் சுவரில் கரிக்கோடு இழுத்துக் கணக்கு வைத்த வழக்கத்தை மறத்தலாகாது. எழுத்து அறியாதவர், ஆனால் கோடு அறிந்தவர். மாத முடிவில் பால்காரர் முப்பது என்றால், “சுவரைப் பாருங்கள், இருபத்தெட்டு” என்பர். அந்தச் சுவர் அவர்களுடைய ஏடு. சுவரில் கணக்கு இருந்த இடத்தில் வாயில் அச்சமும் இல்லை.

எண்ணிக்கையைச் சரிபார்த்தல் அவமதிப்பாகுமா? பாரதம் கூறும் நளன் கதையைக் கொண்டு இதற்கு விடை காணலாம். சூதில் நாடிழந்த நளன், வாகுகன் என்னும் பெயரோடு இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாய் இருந்தான். வழியில் ஒரு தான்றி மரம். அதன் இலையும் காயும் இத்துணை என்று அரசன் பார்த்த மாத்திரத்தில் சொன்னான். நளன் தேரை நிறுத்தினான். எண்ணிப் பார்க்க வேண்டும் என்றான். காலமில்லை, தேரைச் செலுத்து என்றான் அரசன். நளன் விடவில்லை, இறங்கி எண்ணினான், கணக்குச் சரியாயிருந்தது. அரசன் சொல்லையே ஒரு பாகன் சரிபார்த்தான்! அதன் பின்னர் அரசன் அவனைத் தண்டித்தானா? இல்லை. எண்ணும் கலையையும் சூதின் மறையையும் அவனுக்குக் கற்பித்தான். கலி நளனை விட்டு நீங்கியது அப்போதுதான். காலமில்லை என்று சொல்லும் மேலதிகாரி அக்காலத்திலும் இருந்தான். எண்ணாமல் போகேன் என்று நின்ற ஊழியனும் இருந்தான். கதை இருவரையும் உயர்த்தியே பேசுகிறது. கணக்குச் சரியாயிருப்பின் சரிபார்ப்பவனைக் கண்டு சினப்பதற்குக் காரணமே இல்லை.

இக்கருத்து உலக வழக்கிலும் உண்டு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டம் கடைக்காரன் தராசைச் சோதித்து முத்திரையிடச் செய்கிறது. “வாங்கியவன் பார்த்துத்தானே வாங்கினான்” என்று குறைநிறை விற்ற வணிகன் அச்சட்டத்தின் முன் தப்ப முடியாது. தராசு எவன் கையிலோ, பொறுப்பும் அவன் தலையில். தேர்தலிலோ வாக்குச்சீட்டு எண்ணுமிடத்தில் வேட்பாளர்களின் முகவர்கள் உடனிருக்கின்றனர். எண்ணிக்கையைப் 14-ஆம் பாரத்தில் எழுதி, முகவர்கள் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி பெறுகின்றனர். அரசையே மாற்றவல்ல எண்ணிக்கைக்கு அத்துணைக் காப்பு. ஒருவன் குடும்பத்தின் அரிசியை மாற்றவல்ல எண்ணிக்கைக்கு அதில் பத்தில் ஒரு பங்காவது வேண்டாவா? எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி பெறுவோரும் குறைந்தபட்சச் சம்பளத்திற்குக் குறையாமல் பெறவேண்டும் என்று இன்று ஆணை இருப்பது நன்றே. ஆனால் அது கீழ்வரம்பு. வரம்புக்கு மேல் உழைத்தவனது மிகுதி, மண்டோரின் விரலிலும் கிராணியின் பேனாவிலும்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. இன்று அம்மேடையில் குலை அடுக்குவோர் பெரும்பாலும் நம்மவர் அல்லர். இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் வந்து நிற்கின்றனர். நம் பாட்டன் நின்ற இடத்தில் அவர்கள். கிராணியார் அமர்ந்த நாற்காலியில் நம்மில் சிலர். தமிழ் தெரியாதவனுக்கும், மலாய் எழுத்து விளங்காதவனுக்கும், எண்ணிச் சொல்லும் நிலையில் இன்று நாம் இருக்கிறோம். நம் பாட்டன் பெருவிரல் ஒற்றியதைச் சொல்லிக் கண்ணீர் விடுகிறோம். அந்தக் கண்ணீர் மெய்யாயின், நம் முன் பெருவிரல் நீட்டுவோனிடத்தில் நாம் எவ்வாறு நடக்கிறோம் என்பதில் அது விளங்க வேண்டும். சீர்திருத்தம் என்பது பிறர் செய்த கொடுமையை மேடையேறிப் பேசுவதோடு முடிவதன்று. நம் கைக்கு அதிகாரம் வந்தபோது அக்கொடுமையை நாம் செய்யாதிருத்தலும் அதுவே.

ஆகவே எம் உடன்தொழிலாளராகிய கிராணிமார்க்கும் மண்டோர்மார்க்கும் சில கூற விழைகிறோம். வெட்டியவன் அருகில் நிற்கும்போதே, வாய்விட்டு, அவன் அறிந்த மொழியில் எண்ணுக. எண்ணி முடிந்ததும் தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவன் கையில் கொடுக்க. மறுநாள் வரையேனும் அவன் வந்து வழக்கிட இடந்தருக. தவறு கண்டவிடத்து, “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்று கேளாது திருத்துக. மறுமுறை எண்ணுமாறு கேட்பவனை முகஞ்சுளித்து நோக்கற்க. நம் ஏட்டுக்குச் சம்பளமின்றிக் கிடைத்த தணிக்கையாளன் அவன்.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு சொல். பொறுப்பு எண்ணுவோனது என்று சொன்னோம். அதனால் நீங்கள் கண்மூடியிருக்கலாம் என்று சொன்னோமில்லை. ஒரு சிறு குறிப்பேடு வைத்துக் கொள்ளுங்கள். நாள்தோறும் குலை இத்தனை என்று எழுதுங்கள். எழுத வாராவிடில் கோடு இழுங்கள். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டோடு, “எப்படி வந்தது?” என்று கேட்கும் துணிவையும் கற்பியுங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்த்த பிள்ளை, நாளை எந்த மேடையிலும் தலையாட்டிக்கொண்டே நிற்கும்.

ஆட்டத்துக்கு ஒரு விதி. வாழ்வுக்கு ஒரு விதி. ஆடுபவன் விரும்பி வந்து அமர்கிறான். அவனிடம் முழு விழிப்பைக் கேட்கலாம். உழைப்பவன் பிழைக்க வந்து நிற்கிறான். அவனிடம் விழிப்பைக் கேட்குமுன் வெளிச்சத்தை நாம் தரவேண்டும். ஏடும் தராசும் பேனாவும் எவரிடம் உள்ளனவோ, எண்ணிக்கையின் பொறுப்பும் அவரிடமே உள்ளது. இதனை மேலே இருப்போர் ஆணையாகப் பிறப்பிக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நாளைக் காலைப் பெரட்டு முடிந்ததும், முதல் மேடையிலேயே தொடங்கலாம்.